மனிதரை ஆராயுமுன் கேட்க வேண்டியது

பல்கலைக் கழகத்தில் மேற்பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யப் புகும் மாணவர் ஒருவர், தம் ஆராய்ச்சிக்காக மனிதர்களைச் சந்திக்க வேண்டியிருந்தால், முதற்கண் ஒரு படிவத்தைச் சந்திக்கிறார். ஆராய்ச்சி அறநெறிக் குழுவுக்கு எழுதும் விண்ணப்பம் அது. யாரிடம் பேசப் போகிறீர்? ஏன் அவரிடம்? என்ன கேட்பீர்? அதனால் அவருக்கு என்ன தீங்கு நேரக்கூடும்? அவர் மறுத்தால் என்ன செய்வீர்? அவர் சொன்னதை எங்கே வைத்துக் காப்பீர்? எப்பொழுது அழிப்பீர்? இவ்வாறு பக்கம் பக்கமாகக் கேள்விகள். குழு அதனைப் படித்துத் திருத்தம் கேட்கும். திருத்தி அனுப்பினால் மீண்டும் ஒன்று கேட்கும். இதற்குள் சில வாரங்கள், சில வேளை சில மாதங்களே கழிந்துவிடும். 'பத்துப் பேரிடம் நான்கு கேள்வி கேட்பதற்கு இத்தனை கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமா?' என்று மாணவர் சலித்துக்கொள்வது இயல்பே.

ஆயினும் இக்கேள்விகள் அலுவலகத்தில் அமர்ந்து எவரோ பொழுதுபோக்காக இட்டுக்கட்டியவை அல்ல. ஏறத்தாழ ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. கேட்க வேண்டியதைக் கேளாமல் மனிதரைப் பயன்படுத்திய வரலாறு அது. அதனை அறிவதற்குக் கடல் கடந்து செல்ல வேண்டியதுமில்லை. கோலாலம்பூரிலேயே 1905-ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆராய்ச்சி அதற்குத் தக்க சான்றாகும். அதில் தமிழரின் புழுங்கலரிசிச் சோற்றுக்கும் ஒரு பங்கு உண்டு.

சோறும் நோயும்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் மாநிலங்களில் பெரிபெரி என்னும் நோய் பெருங்கேடு விளைத்தது. கால்கள் மரத்துத் தளரும். சிலருக்கு உடல் வீங்கும். இறுதியில் இதயம் சோர்ந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரே மிகுதியாக மாண்டனர். நோய்க்குக் காரணம் கிருமி என்றனர் சிலர். நோயாளிகள் தங்கும் கட்டடத்திலேயே அது குடிகொண்டிருக்கிறது என்றனர் வேறு சிலர்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் மருத்துவ அதிகாரியாக இருந்த பிராடன் என்பவர் மட்டும் மக்களின் உணவைக் கூர்ந்து நோக்கினார். சீனர் சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளரிசியை உண்டனர். அவர்களிடம் நோய் மிகுந்திருந்தது. தமிழர் இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசியை உண்டனர். அதே ஊரில், அதே வெயிலிலும் மழையிலும் உழைத்தும் அவர்களிடம் நோய் அரிதாகவே இருந்தது. வீட்டில் குத்திய அரிசியை உண்ட மலாய்க்காரரிடமும் அவ்வாறே. எனவே குற்றம் அரிசியில்தான் என்றார் பிராடன். வெள்ளரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்று அவர் கருதியது பிழை. ஆனால் அவர் கைகாட்டிய பொருள் சரியானதே. மருத்துவர் பலர் அதனை அன்று நம்பவில்லை.

இரண்டு விடுதிகள்

1905-ஆம் ஆண்டு கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பெரிபெரி பரவிப் பலரைக் கொன்றது. அங்கே பொறுப்பிலிருந்த மருத்துவர் வில்லியம் பிளெட்சர், அரிசியைப் பற்றிய ஐயத்தை ஆராய்ந்து தீர்க்க முற்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் நோயாளிகள் அனைவரும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தப்பட்டனர். தோட்டத்துப் பெரட்டில் ஆள் எண்ணுவதுபோல் ஒரு முனையிலிருந்து எண் சொல்லப்பட்டது. ஒற்றைப்படை எண் விழுந்தவர் முற்றத்தின் கிழக்கு விடுதிக்கும், இரட்டைப்படை எண் விழுந்தவர் மேற்கு விடுதிக்கும் அனுப்பப்பட்டனர். கிழக்கு விடுதியில் வழக்கமான சயாம் வெள்ளரிசிச் சோறு தொடர்ந்தது. மேற்கு விடுதியில் இந்தியப் புழுங்கலரிசிச் சோறு. மற்றக் கறி, மீன் முதலியன இரண்டிலும் ஒன்றே. கட்டடமே காரணமோ என்னும் ஐயத்தையும் போக்க, இடையில் இரு கூட்டத்தாரும் விடுதி மாற்றப்பட்டனர். சோறு மட்டும் மாற்றப்படவில்லை.

ஓராண்டுக்கு மேல் இது நடந்தது. அக்காலத்தில் ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ நூற்றிருபது பேர் இருந்தனர். வெள்ளரிசி உண்டவரிடையே நோய் மீண்டும் பரவியது. அவர்களுள் 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவருள், வரும்போதே நோயுடன் வந்த இருவரைத் தவிர எவருக்கும் நோய் காணவில்லை. ஒருவரும் இறக்கவில்லை.

1907-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் இம்முடிவு வெளிவந்தது. கட்டடம் அன்று, காற்றன்று, சோறே வேறுபாட்டுக்குக் காரணம் என்பது தெளிவாயிற்று. அடுத்து, கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் ஆராய்ச்சியை மேலும் நடத்தி, அரிசியைத் தீட்டும்போது கழியும் தவிட்டோடு உயிர்காக்கும் பொருள் ஒன்று போய்விடுகிறது என்று காட்டினர். 1910-இல் மணிலாவில் கூடிய தூரக் கிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய வெள்ளரிசியே பெரும்பாலும் பெரிபெரிக்குக் காரணம் என்பதை ஏற்றுத் தீர்மானம் செய்தது. 1926-இல் பத்தாவியாவில் அப்பொருள் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அதனை வைட்டமின் பி1 என்பர். நெல்லைப் புழுக்கும்போது அச்சத்து தவிட்டுப் புறத்திலிருந்து அரிசியின் உள்ளே சென்று தங்கிவிடுகிறது. தமிழ்ப் பெண்கள் வழிவழியாகச் செய்துவந்த நெல் அவித்தல், அவர்கள் அறியாமலே உயிர்களைக் காத்து வந்தது.

எண்ணற்ற உயிர்களைக் காத்த ஆராய்ச்சி இது என்பதில் ஐயமில்லை. மருத்துவ ஆராய்ச்சி வரலாற்றில் இன்றும் மதிப்புடன் எடுத்துரைக்கப்படுவது. எனினும் அந்த 18 பேரைப் பற்றிய கேள்வி எஞ்சி நிற்கிறது. எண் சொல்லி நிறுத்தப்பட்டவர் எவரும் ஆராய்ச்சிக்கு வந்தவர் அல்லர். நோய் தீர வந்தவர், அல்லது பூட்டி வைக்கப்பட்டவர். ஒற்றை எண் விழுந்ததற்குப் பொருள் என்ன என்பதை அறியும் நிலையிலும் அவர்களுள் பலர் இல்லை.

அக்காலத்து வழக்கமா?

அக்காலத்தில் எல்லாம் அப்படித்தான் என்று கூறி இதனைத் தள்ளிவிடலாமா? அவ்வாறும் கூறுவதற்கில்லை. 1900-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பிரஷ்ய அரசு தன் மருத்துவமனைகளுக்கு ஓர் ஆணை விடுத்தது. நோய் தீர்க்கும் நோக்கமல்லாத ஆராய்ச்சிகளைச் சிறுவர் மீதும், தம் நிலை அறிந்து முடிவு செய்ய இயலாதவர் மீதும் நடத்தலாகாது. பிறர்மீது நடத்துவதாயினும் வரக்கூடிய தீங்கை எடுத்துச் சொல்லி அவர்தம் இசைவைத் தெளிவாகப் பெறுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. அதே ஆண்டில் கியூபாவில் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் வால்டர் ரீட், தம் ஆராய்ச்சிக்கு முன்வந்த ஸ்பானியக் குடியேறிகளிடம் அவர்கள் மொழியிலேயே எழுதிய ஒப்பந்தத்தில் கையொப்பம் பெற்றார். முன்வந்தவருக்கு 100 டாலர் பொன்; காய்ச்சல் கண்டால் மேலும் 100 டாலர். ஏழைக்கு அத்தொகை எத்துணைப் பெரிய ஆசை என்பது வேறு கேள்வி. ஆயினும் கேட்க வேண்டும் என்னும் எண்ணம் அன்றே தோன்றியிருந்தது என்பதற்கு இவை சான்றுகள்.

எண்ணம் இருந்தும் அது எங்கும் பரவிய விதியாகவில்லை. விதியாவதற்கு மாபெருங் கொடுமைகள் வெளிப்பட வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் சிறைமுகாம்களில் கைதிகள்மீது கொடிய ஆராய்ச்சிகள் நடத்திய ஜெர்மானிய மருத்துவர்களும் அவர்களுக்குத் துணைநின்ற அதிகாரிகளுமாக 23 பேர், நூரம்பர்க் நகரில் அமெரிக்க இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டனர். 1947 ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பில் அந்நீதிமன்றம் பத்து நெறிகளை வகுத்தது. ஆராய்ச்சிக்கு உட்படுபவர் தாமாக விரும்பி அளிக்கும் இசைவு இன்றியமையாதது என்பது அவற்றுள் முதலாவது. 1964-இல் உலக மருத்துவர் சங்கம் ஹெல்சிங்கி நகரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆராய்ச்சித் திட்டத்தை, ஆராய்பவரல்லாத தனிக்குழு ஒன்று முன்னரே ஆராய வேண்டும் என்னும் விதி 1975-இல் அதில் சேர்ந்தது. இன்றைய அறநெறிக் குழுக்களுக்கு அதுவே அடிப்படைகளுள் ஒன்று. அவ்வறிக்கை பலமுறை திருத்தப்பெற்று, கடைசியாக 2024-இல் புதுப்பிக்கப்பட்டது.

கொடுமை செய்தவர் பகைநாட்டவர் மட்டுமே என்று அமெரிக்கர் எண்ணியிருந்த நிலையும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1932-இல் தொடங்கி 40 ஆண்டுகள், அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை அலபாமா மாநிலத்தில் கறுப்பின ஏழை ஆடவரிடம் ஓர் ஆராய்ச்சி நடத்திவந்தது. கிரந்தி நோய் கண்ட 399 பேரும், காணாத 201 பேரும் அதில் இருந்தனர். அவர்களுக்கு 'இரத்தம் கெட்டிருக்கிறது' என்று சொல்லப்பட்டதேயன்றி நோயின் பெயர் சொல்லப்படவில்லை. பெனிசிலின் என்னும் மருந்து வந்து, 1940-ஆம் ஆண்டுகளின் இறுதிக்குள் அந்நோய்க்கு உரிய மருந்தென ஏற்கப்பட்ட பின்னரும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. நோய் எவ்வாறு முற்றுகிறது என்று பார்ப்பதே ஆராய்ச்சியாக இருந்தது. 1972-இல் செய்தித்தாள்கள் வாயிலாக இது வெளிப்பட்டபோது நாடே அதிர்ந்தது. அதன் பின் அமைந்த ஆணையம் 1979-இல் வெளியிட்ட பெல்மாண்ட் அறிக்கை மூன்று நெறிகளைக் கூறியது: மனிதரை மனிதராக மதித்தல், நன்மையைப் பெருக்கித் தீங்கைக் குறைத்தல், ஆராய்ச்சியின் சுமையையும் பயனையும் நீதியாகப் பங்கிடுதல். உலகில் எந்தப் பல்கலைக் கழகத்தின் விண்ணப்பத்தை எடுத்தாலும் இம்மூன்றும் ஏதேனும் ஒரு வடிவில் அதில் இருக்கும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இவ்வேற்பாடு இன்று நிலைபெற்றுள்ளது. மலேசியச் சுகாதார அமைச்சில் மருத்துவ ஆராய்ச்சி அறநெறிக் குழு ஒன்று உண்டு. மலாயாப் பல்கலைக் கழகம், அறிவியல் பல்கலைக் கழகம் முதலியவற்றுக்குத் தத்தம் குழுக்கள் உண்டு. சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டில் உயிரறநெறி ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது; 2015-இல் மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டப்படி, மிரட்டியோ ஏமாற்றியோ ஒருவரை ஆராய்ச்சிக்கு உட்படுத்துவது குற்றமாகும்.

இன்றைய குழுவின்முன் பிளெட்சர்

பிளெட்சரின் திட்டம் இன்றைய குழு ஒன்றின்முன் வந்தால் என்ன நேரும்? இவ்வாறு எண்ணிப் பார்ப்பது, இறந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கு அன்று. படிவத்தின் கேள்விகள் எதற்காக என்பதை விளக்க இதனினும் நல்ல வழி இல்லை.

குழு முதலில் கேட்பது, ஆராய்ச்சி செய்யத்தக்கதா, முறை சரியானதா என்பது. முறை பிழையானால் விடையும் பிழையாகும்; பயனற்ற விடைக்காக மனிதரைத் துன்புறுத்துவது அறமாகாது. இக்கேள்வியில் பிளெட்சர் சிறப்பாகத் தேறுவார். ஒற்றை, இரட்டை என்று பிரித்ததும், விடுதியை மாற்றிப் பார்த்ததும் நல்ல ஆராய்ச்சியாளருக்கு அடையாளம். மேலும், எது சரி என்பது அன்று உண்மையிலேயே ஐயத்தில் இருந்தது. எந்தச் சோறு கொல்லும் என்று அறிந்தே அவர் ஊட்டியதாகச் சொல்வதற்கில்லை.

இரண்டாவது, இவர்களை ஏன் தேர்ந்தீர் என்பது. அடைபட்டவர், மறுக்க இயலாதவர், ஒரே இடத்தில் ஒரே உணவு உண்பவர். ஆராய்பவருக்கு இது வசதி. வசதி என்பதே குழுவுக்கு எச்சரிக்கை. இசைவு தர இயலாதவரை, வேறு எவரிடமும் அவ்விடையைப் பெற முடியாதபோதோ, அவர்களுடைய துன்பத்தைப் பற்றியதாகவே ஆராய்ச்சி இருக்கும்போதோதான் சேர்க்கலாம் என்பது இன்றைய நெறி. அம்மருத்துவமனையிலேயே பெரிபெரி கொன்று வந்தமையால், இங்கு பிளெட்சருக்கு ஓரளவு விடை உண்டு.

மூன்றாவது இசைவு. நோயாளியால் முடிவு செய்ய இயலாதெனில், அவருடைய நலனையே கருதும் உறவினரிடமோ காப்பாளரிடமோ கேட்டல் வேண்டும். அங்ஙனம் பெற்ற பின்னரும் நோயாளி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதனையும் மறுப்பாகக் கொள்ள வேண்டும். சிகிச்சை செய்யும் மருத்துவரே ஆராய்பவராகவும் இருந்தால், நோயாளி எதற்குத் தலையசைத்தார் என்பது விளங்காது. ஆகவே வேறொருவர் கேட்பது நன்று.

நான்காவது கேள்வியே கடினமானது. எப்பொழுது நிறுத்துவீர்? ஒரு விடுதியில் மரணங்கள் விழுகின்றன. முற்றத்துக்கு அப்பால் ஒன்றுமில்லை. மூன்றாவது மரணத்தில் தற்செயல் என்று சொல்லலாம். ஏழாவதில்? பன்னிரண்டாவதில்? இன்று பெரிய மருத்துவ ஆராய்ச்சிகளில், வரும் முடிவுகளை இடையிடையே பார்த்து 'போதும், நிறுத்துக' என்று சொல்வதற்கென்றே ஆராய்பவரைச் சாராத குழு ஒன்று அமைக்கப்படுகிறது. ஆராய்பவருக்குத் தம் ஆராய்ச்சி முழுமை பெற வேண்டும் என்னும் ஆவல் இருக்கும். அந்த ஆவல் குற்றமன்று. ஆனால் நிறுத்தும் அதிகாரம் அதனிடம் இருத்தலாகாது.

நிறுத்தியிருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்குமா என்று ஒருவர் கேட்கலாம். அதற்கு விடை மலாயாவிலேயே கிடைத்தது. பிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில், ஜெலுபு வட்டாரத்தில் சாலை அமைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 300 ஜாவானியத் தொழிலாளரை இரு கூட்டமாக்கி அதே ஆராய்ச்சியைச் செய்தனர். ஏறத்தாழ மூன்று மாதத்தில் வெள்ளரிசி உண்ட கூட்டத்தில் பெரிபெரி தோன்றியது. தோன்றியதும் அக்கூட்டத்துக்கு வெள்ளரிசி நிறுத்தப்பட்டது, நோயும் நின்றது. பின்னர் மற்றக் கூட்டத்துக்கு வெள்ளரிசி கொடுத்தபோது அங்கும் நோய் தோன்றியது. இடையில் நிறுத்தியதால் இவ்வாராய்ச்சி வலுவிழக்கவில்லை. நிறுத்தியவுடன் நோய் நின்றதே புதியதொரு சான்றாயிற்று. அறநெறி அறிவியலுக்குத் தடை என்று கூறுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். எனினும் ஜெலுபுவிலும் குழு கேட்க வேண்டிய கேள்வி உண்டு. ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட தொழிலாளர் ஒருவர், சோறு போடும் அதிகாரியிடம் 'மாட்டேன்' என்று சொல்லும் நிலையில் இருந்தாரா?

கேள்வி கேட்பதும் தொடுவதே

மருந்தும் ஊசியும் உணவும் கொடுக்கும் ஆராய்ச்சிக்கு இவையெல்லாம் சரி. வெறும் பேட்டிக்கு என்ன தீங்கு என்று மாணவர் கருதலாம். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். மூடப்பட்ட ரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து வெளியேறிய முதியோரின் வாழ்க்கையை ஆராய ஒரு மாணவி விரும்புகிறார். பால்மரம் வெட்டிய பாட்டி ஒருவரிடம் லயத்து வீட்டு நாட்களைப் பற்றிக் கேட்கப் போகிறார். இதில் உடலைத் தொடும் செயல் ஏதுமில்லை.

ஆனால் பாட்டியிடம் அவரை யார் அழைத்துச் செல்கிறார்? வீடமைப்புக்கு மனுப்போடும் சங்கத்தின் தலைவரே அழைத்துச் சென்றால், மறுத்தால் வீடு கிடைக்காதோ என்று பாட்டி அஞ்சக்கூடும். அவ்விசைவு இசைவாகாது. பிள்ளையைப் பறிகொடுத்த கதையைச் சொல்லும்போது பாட்டி உடைந்து அழுதால் மாணவி என்ன செய்வார்? ஒலிப்பதிவை நிறுத்துவாரா, அழுகையையும் சேர்த்துப் பதிவாரா? பழைய தண்டலைப் பற்றிப் பாட்டி சொன்னதை அப்படியே எழுதினால், அவருடைய பிள்ளைகள் அதே ஊரில் இருக்கிறார்களே! பெயரை நீக்கிவிட்டால் போதும் என்பதும் பொருந்தாது. 'அத்தோட்டத்தில் பிள்ளைப்பேறு பார்த்துவந்த ஒரே பெண்' என்று எழுதினால் ஊரார் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும். இந்நான்கையும் முன்னரே நினைத்துப் பார்க்கச் செய்வதுதான் விண்ணப்பத்தின் வேலை.

இசைவு கேட்கும் மொழி இதில் மிக இன்றியமையாதது. ஆங்கிலப் படிவத்தை அகராதி கொண்டு மொழிபெயர்த்து, 'இவ்வாய்வில் தன்னார்வமாகப் பங்கேற்க முழு மனத்துடன் இணங்குகிறேன்' என்று எழுதிக் கைநாட்டு வாங்கினால், தாளில் இசைவு உண்டு, பாட்டியிடம் இல்லை. பேசும் தமிழிலேயே சொல்லுதல் வேண்டும். 'பாட்டி, நான் யுனிவர்சிட்டியில படிக்கிறேன். தோட்டத்துல நீங்க இருந்த காலத்தைப் பத்திக் கேட்டு எழுதணும். ஒரு மணி நேரம் ஆகும். பேசுறதை இந்தக் கருவியில பதிவு பண்ணுவேன், வேண்டாம்னா பண்ணல. பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம். நடுவுல போதும்னு தோணினா சொல்லுங்க, நிறுத்திடலாம். உங்க பேரை எழுத மாட்டேன். இதனால உங்களுக்கு வீடோ பணமோ கிடைக்காது. சொல்லலைன்னாலும் ஒண்ணும் குறையாது.' இவ்வளவும் சொல்லிவிட்டு, 'நான் சொன்னதுல என்ன புரிஞ்சுது பாட்டி?' என்று கேட்பதும் நன்று. எழுதப் படிக்கத் தெரியாதவரானால், படித்துச் சொன்னதற்குச் சாட்சி ஒருவர் உடனிருத்தல் வேண்டும்.

விண்ணப்பம் எழுதும் முறை

விண்ணப்பத்துடன் ஆராய்ச்சித் திட்டம், வினாப்பட்டியல், பங்குபெறுவோருக்கான தகவல் தாள், இசைவுப் படிவம், ஆள் சேர்க்கும் அறிவிப்பு ஆகியவற்றை இணைத்தல் வேண்டும். தீங்கு மிகக் குறைவான ஆராய்ச்சிகளைப் பல பல்கலைக் கழகங்களில் ஓரிரு உறுப்பினரே படித்து விரைவில் முடிவு கூறுவர். சிறுவர், கைதிகள், நோயாளிகள், முடிவு செய்ய இயலாதோர் முதலியோரைப் பற்றியன பெரும்பாலும் முழுக் குழுவின்முன் செல்லும். மலேசியாவில் 18 வயதுக்கும் சிங்கப்பூரில் பொதுவாக 21 வயதுக்கும் உட்பட்டோரிடம் ஆராய்வதாயின், பெற்றோரின் இசைவும் கேட்கப்படும். பள்ளிக்குள் செல்வதற்குக் கல்வி அமைச்சின் அனுமதியும், மலேசியாவில் பூர்வகுடி மக்களிடையே ஆராய அவர்களுக்கான அரசுத் துறையின் அனுமதியும் தனியே பெற வேண்டும். ஓரிடத்துக்குள் நுழைய அனுமதி கிடைத்தது என்பதற்காக, அங்குள்ளவர் இசைந்துவிட்டார் என்று கொள்ளலாகாது.

விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்குரிய காரணங்கள் பெரும்பாலும் ஒரே வகையின. 'தீங்கு ஏதுமில்லை' என்று ஒரு வரியில் எழுதுவது அவற்றுள் முதன்மையானது. தீங்கே இல்லாத ஆராய்ச்சி அரிது. என்ன தீங்கு, எவ்வளவு, அதனைக் குறைக்க என்ன ஏற்பாடு என்று எழுதுபவரையே குழு நம்பும். திட்டத்தில் முப்பது பேர் என்றும், தகவல் தாளில் ஐம்பது பேர் என்றும் எழுதுவது மற்றொன்று. தகவலை எங்கே, எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்பதைச் சொல்லாமல் விடுவது வேறொன்று. ஆசிரியர் தம் மாணவரையே ஆராய முனைந்து, மதிப்பெண்ணுக்கு அஞ்சி அவர்கள் ஒப்புவார்களே என்பதை எண்ணாதிருப்பதும் உண்டு. பங்குபெறுவோருக்குப் பயணச் செலவும் நேரத்துக்கு ஈடும் கொடுப்பது முறையே. ஆனால் வறியவர் தம் அச்சத்தையும் மறந்து ஒப்புமளவுக்குத் தொகை பெரிதாயின், அது இசைவை விலைக்கு வாங்குவதாகும்.

யாவற்றினும் முக்கியமானது, ஒப்புதல் கிடைக்குமுன் ஒருவரிடமும் ஒரு கேள்வியும் கேட்கலாகாது என்பது. முன்னரே திரட்டிய தகவலுக்குப் பின்னர் ஒப்புதல் வழங்குவது குழுக்களின் வழக்கமன்று. இடையில் வினாப்பட்டியலை மாற்ற விரும்பினாலும் மீண்டும் குழுவிடம் தெரிவித்தல் வேண்டும். ஆகவே காலத்தைக் கணக்கிட்டு, ஆராய்ச்சித் திட்டம் உருவாகும்போதே விண்ணப்பத்தையும் எழுதத் தொடங்குவது அறிவுடைமை.

ஒப்புதலுக்குப் பின்

குழுக்களும் குறையுடையனவே. தோட்டத்தைக் கண்ணால் காணாதவர், மருத்துவமனைக்கென்று வகுத்த கேள்விகளை நாட்டுப்புறப் பாடல் திரட்டும் மாணவரிடமும் கேட்பதுண்டு. கையொப்பம் என்றாலே கடன்பத்திரத்தை நினைத்து அஞ்சும் முதியோரிடம் நான்கு இடத்தில் கையொப்பம் வாங்கச் சொல்வதும் உண்டு. அத்தகைய இடங்களில் மாணவர் வாளாவிருத்தல் வேண்டா. வாய்மொழி இசைவே இவர்களுக்குத் தக்கது என்று காரணங் காட்டி எழுதினால், ஏற்கும் குழுக்கள் பல உள.

இதற்கு மாறான பிழை, ஒப்புதல் கடிதம் வந்ததும் அறம் முடிந்துவிட்டது என்று எண்ணுவது. கடிதம் தருவது வீட்டுக் கதவைத் தட்டுவதற்கான உரிமை மட்டுமே. கதவைத் திறப்பதும் திறவாமையும் உள்ளிருப்பவர் விருப்பம். பாட்டி இன்று ஒப்பி நாளை வேண்டாம் என்றால், எழுதியதை அழிக்கும் மனம் மாணவிக்கு வேண்டும். ஆராய்ச்சி முடிந்தபின் தாம் கண்டதைப் பாட்டிக்கும் ஊராருக்கும் சொல்லிவிட்டு வரும் பண்பும் வேண்டும். இவற்றை எந்தக் குழுவும் உடன்வந்து பார்க்க முடியாது.

1905-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் வரிசையில் நின்றவர்கள் உலகுக்குப் பெரிய உண்மை ஒன்றைத் தந்தனர். அவர்கள் தந்தார்கள் என்று சொல்வதும் முழுதும் பொருந்தாது. அவர்களிடமிருந்து அது எடுக்கப்பட்டது. இன்று அத்தகைய உண்மையைத் தேடிச் செல்பவர், தருகிறீர்களா என்று கேட்டுப் பெற முடியும். அவ்வாறு கேட்பதற்குத் தம்மை ஆயத்தம் செய்துகொள்ளும் முதற்பாடமே அந்த விண்ணப்பம் என்பதை மாணவர் உணர்வாராயின், அதனை எழுதச் செலவாகும் சில வாரங்கள் வீணாயின என்று வருந்தமாட்டார்.